தைப் பனியும் செப்புக் குழாயும்

ஜனவரி 27, 2019, ஞாயிறு

கஜா புயல் கரையைக் கடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது தண்ணீர்த் தொட்டியும் அதற்கு வேண்டிய குழாயும்தான். இன்று கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தென்னை சாய்ந்து மாடித் தொட்டி நொறுங்கிப் போனதாம். இத்தனை நாளும் அடிபம்பிலேயே ஓட்டியிருக்கிறார். ஆயிரம் லிட்டர் தொட்டி, ஒன்றேகால் இன்ச் குழாய் நான்கு, எல்போ ஆறு, ஒரு வால்வு, ஒரு டப்பா பசை. முடிந்த அளவு விலையைக் குறைத்துக் கொடுத்தேன்.

இரவு மகள் அமெரிக்காவில் மின்னியாபோலிஸிலிருந்து பேசினாள். துருவத்துக் குளிர்காற்று தெற்கே இறங்கி வருகிறதாம். இந்த வாரம் மைனஸ் 30 செல்சியஸுக்கும் கீழே போகும் என்று அறிவித்திருக்கிறார்கள். "குழாயெல்லாம் உறைந்துவிடும், ஜாக்கிரதை என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார்" என்றாள்.

எனக்குக் குழாயைத் தெரியும், அந்தக் குளிரைத் தெரியாது. அதனால் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயை அங்கே ஏழெட்டு அடி ஆழத்தில் புதைக்கிறார்கள். அந்த ஆழத்துக்குக் குளிர் இறங்காது. நம் ஊரில் ஓரடி தோண்டினாலே போதும் என்று மூடிவிடுகிறோம். ஆபத்தெல்லாம் வீட்டுக்குள் வந்த பிறகுதான், அதுவும் வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்க்கு. அவர்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி அப்படிப்பட்ட சுவரில்தான் இருக்கிறது. பழைய வீடு, செப்புக் குழாய்.

"மெயின் வால்வு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"தெரியாது அம்மா."

அந்த வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு நெஞ்சு பகீரென்றது. வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இன்றைக்கே அதைக் கண்டுபிடித்து, ஒருமுறை மூடித் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

ஜனவரி 28, திங்கள்

வழக்கப்படி மேட்டூரை மூடும் நாள். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த தேதிகள்.

வால்வின் படத்தை மாப்பிள்ளை அனுப்பியிருக்கிறார். நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெம்புகோல் வைத்த பால் வால்வு, அதாவது உள்ளே துளையிட்ட உருண்டை உள்ளது, கால்வாசி திருப்பினாலே மூடிவிடும். சுலபமாகத் திரும்புகிறது என்று எழுதியிருந்தார். நிம்மதி.

ஜனவரி 30, புதன், நள்ளிரவு

மாலை ஆறரைக்குக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே லேசாகப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். கடைப் பையன் மப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான். இங்கே விடியற்காலையில் 20 டிகிரி பக்கம் போனாலே நமக்கு நடுக்கம். அப்போது மகளின் அழைப்பு. அங்கே காலை ஏழு மணி, மைனஸ் 33. தபால் கொடுப்பதைக்கூட நிறுத்திவிட்டார்களாம்.

"அம்மா, சமையலறையில் தண்ணீர் வரவில்லை."

சுடுநீர்ப் பக்கம் வருகிறது, பச்சைத் தண்ணீர்ப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. இரவு முழுவதும் குளியலறைக் குழாயைச் சொட்ட விட்டிருக்கிறார்கள். சமையலறைக் குழாயை இறுக மூடிவிட்டார்கள். தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவையும், பேத்தி உள்ளே கையை விட்டுவிடுவாள் என்று தாழ்ப்பாள் போட்டு அடைத்திருக்கிறார்கள். வீட்டுச் சூடு அந்த மூலைக்குப் போக வழியே இல்லை. குழந்தை உள்ள வீடு, அவளை எப்படிக் குறை சொல்வது?

"முதலில் குழாயைத் திறந்து வை" என்றேன். "உருகுகிற தண்ணீர் வெளியே வர ஒரு வாய் வேண்டும்."

மாப்பிள்ளை, முகாமுக்குக் கொண்டுபோகும் சின்ன கேஸ் அடுப்பின் தீயைக் காட்டலாமா என்று கேட்டார். "வேண்டாம் மாப்பிள்ளை, தீயே வேண்டாம். மரச்சுவர், உள்ளே பற்றினால் வெளியே தெரியாது. அதோடு இரண்டு பக்கமும் ஐஸ் அடைத்து நடுவில் தண்ணீர் கொதித்தால் குழாயே வெடிக்கும். நீங்கள் நிலவறைக்குப் போய் வால்வுப் பக்கத்தில் நில்லுங்கள். நான் சொன்னால் உடனே மூட வேண்டும்" என்றேன். "சரி அத்தை" என்று உடனே இறங்கிப் போனார். மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருந்தோம்.

மகள் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டாள். குழாய் வாயிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை நோக்கிச் சூடு காட்டச் சொன்னேன். சுவர்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் உருகியது நடுவில் மாட்டிக்கொள்ளும். நாற்பது நிமிடம். கடைப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவனும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

கடகடவென்று சத்தம் கேட்டது. குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், போன் வழியாக எனக்கே கேட்டது, 'உஸ்' என்று ஒரு சீறல்.

"அம்மா, அலமாரிக்குள் பீய்ச்சி அடிக்கிறது!"

"மூடுங்கள் மாப்பிள்ளை!"

கால் திருப்பு. நின்றுவிட்டது. ஒரு வாளித் தண்ணீர்தான் தரையில் போயிருக்கும்.

பிளம்பர் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஊர் முழுக்க இதே கதை. வீட்டில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. "குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. நவம்பரில் புயலடித்து மூன்று நாள் கழித்து எனக்கு சிக்னல் கிடைத்தபோது, அவள் அழுதுகொண்டே கேட்ட முதல் கேள்வியும் இதுதான். அப்போது தெருவே சேர்ந்து ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீடு வீடாக மோட்டார் ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டோம். அங்கே பக்கத்து வீட்டு அம்மா இரண்டு பெரிய கேன் நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஜனவரி 31, வியாழன்

மாப்பிள்ளை கடைக்குப் போய் ஒரு மூடி வாங்கிவந்து, உடைந்த இடத்துக்கு முன்னால் குழாயை வெட்டி அடைத்துவிட்டார். அந்த மூடிக்குப் பசையும் வேண்டாம், ஈயப் பற்றும் வேண்டாம். வெட்டிய முனையைப் பிசிறு இல்லாமல் தேய்த்து, உள்ளே தள்ளினால் அதுவே பிடித்துக்கொள்கிறது. நாற்பது வருடமாகக் குழாய்ச் சாமான் விற்கிற குடும்பம் எங்களுடையது. வீடியோவில் அதைப் பார்த்தபோது கையில் வாங்கிப் பார்க்கத் தோன்றியது. மெயின் வால்வைத் திறந்தாயிற்று. குளியலறையில் தண்ணீர் வருகிறது.

வெட்டி எடுத்த துண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அரை இன்ச் செப்புக் குழாய். ஒரு பக்கம் லேசாகப் புடைத்து, நீளவாக்கில் ஒரு விரல் அளவுக்குப் பிளந்திருக்கிறது. முற்றி வெடித்த இலவம் நெற்றைப் போல, இரண்டு உதடும் வெளியே விரிந்திருக்கிறது. செம்பு அப்படிக் கிழியும் என்று நான் நினைத்ததில்லை.

ஐஸ் அடைத்த இடம் சுவருக்குள். பிளந்த இடமோ அதற்கு வெளியே, குழாய் வாய்க்கும் ஐஸுக்கும் நடுவில். இதை நெடுநேரம் யோசித்தேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. தெருப் பக்கம் உள்ள தண்ணீருக்கு வந்த வழியே பின்வாங்க இடமுண்டு. குழாய் வாய்ப் பக்கம் சிக்கிய தண்ணீருக்கு முன்னால் மூடிய குழாய், பின்னால் வளர்ந்துகொண்டே வரும் ஐஸ். போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி ஏறி, தளர்ந்த இடத்தில் பிளக்கிறது. ஐஸ் இருந்தவரை அதுவே தக்கையாக அடைத்திருந்தது, உருகியதும் சீறிவிட்டது. குழாயைச் சொட்ட விடச் சொல்வதன் காரணம் இப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது என்பது ஒன்று. உறைந்தாலும் அழுத்தம் வெளியேற வாய் திறந்திருக்கிறது என்பது அதைவிடப் பெரிது.

சாயங்காலம் என் வீட்டு மாடிக்கு ஏறினேன். தொட்டிக்குக் கீழே உள்ள கேட் வால்வின் சக்கரத்தைத் திருகினேன். அசையவில்லை. துணி சுற்றித் திருகினேன், குறடு போட்டும் பார்த்தேன். தண்டைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்துக் கெட்டித்துவிட்டது. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் மாட்டியது. புயலில் தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. நாளைக்கே கீழே ஒரு குழாய் உடைந்தால், தொட்டி காலியாகும் வரை பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வழியில்லை. இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3, ஞாயிறு

அங்கே குளிர் விட்டுவிட்டது. நான்கே நாளில் உறைநிலைக்கு மேல் ஏறி, கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறதாம். வெள்ளிக்கிழமை பிளம்பர் வந்து, செம்பை எடுத்துவிட்டு வளையும் பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார். அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும், ஆனால் உடையவே உடையாது என்று நம்ப வேண்டாம் என்று சொன்னாராம். நேர்மையான மனிதர். வெளிச்சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய், மேலே நுரை உறையும் மாட்டியிருக்கிறார். அலமாரிக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, பேத்திக்காகக் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறாள் மகள்.

இங்கேயும் வேலை முடிந்தது. காலையில் தொட்டியை வடித்து, பழைய கேட் வால்வை அறுத்து எடுத்து, பால் வால்வு மாட்டினோம். பசை காயும் வரை தண்ணீர் விடவில்லை. நேற்றும் இன்றும் கடையில் தொட்டி வாங்க வந்த ஐந்து பேரிடமும், "வீட்டு வால்வை எப்போது கடைசியாகத் திருகினீர்கள்?" என்று கேட்டேன். ஒருவர்தான் பதில் சொன்னார்.

அந்தப் பிளந்த செப்புத் துண்டைத் தூக்கி எறிய வேண்டாம், சித்திரைக்கு வரும்போது எடுத்துவா என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.