அந்தத் தையல் தேவைப்பட்டதா?

கர்ப்பப்பை வாய் முன்கூட்டியே திறந்துவிடாமல் இருக்க மருமகளுக்கு அங்கே தையல் போடச் சொன்னார் ஒரு மாமியார். வேண்டாம் என்று அவருக்கு நான் சொன்ன பதில் மருத்துவப்படி சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

மருமகளுக்குத் தலைப்பிரசவம், ஐந்தாம் மாத ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தபோது கர்ப்பப்பை வாய் நீளமாகத்தான் தெரிந்தது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அப்படித்தான் நீட்டிக் காட்டும். பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லி உள்வழி ஸ்கேன் எடுத்தேன். 22 மில்லிமீட்டர். திரும்பத் திரும்ப அளந்தும் கூடவில்லை. 25-க்குக் கீழே போனாலே குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம். இரவில் உள்ளே வைத்துக்கொள்ள 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து எழுதி, இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னேன்.

"எங்க சொந்தத்துல ஒருத்திக்குத் தையல் போட்டுத்தான் குழந்தை தங்குச்சு டாக்டரம்மா. இவளுக்கும் போட்டுடுங்க."

"இவங்களுக்கு இதுக்கு முன்னாடி குறைமாசமோ, அஞ்சாம் மாசம் கலைஞ்சதோ எதுவும் இல்லையேம்மா. இப்போ மருந்து போதும். இன்னும் குறைஞ்சா யோசிக்கலாம்."

"அப்போ படுத்தே இருக்கட்டுமா?"

"அதுல பலன் இல்லைம்மா."

"தையலும் வேணாம், ரெஸ்ட்டும் வேணாம்னா நீங்க என்னதான் செய்யப் போறீங்க?"

அடுத்த வாரமே வேறு இடத்தில் தையல் போட்டுக்கொண்டார்கள். 38 வாரத்தில் நல்லபடியாகப் பிரசவம். எனக்கும் இனிப்பு வந்தது.

தையலை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1955-ல் நம் பம்பாய் டாக்டர் ஷிரோத்கர் உலகத்துக்குக் கொடுத்த முறை அது. அடுத்தடுத்து குழந்தையைப் பறிகொடுத்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெண் அந்த வரிசையில் இல்லை. இதே புரோஜெஸ்டிரோனைப் பற்றி 2007-ல் வெளிவந்த ஆய்வில், கர்ப்பப்பை வாய் 15 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்த பெண்களில் 34 வாரத்துக்கு முன்பே பிரசவித்தவர்கள் மருந்து வைத்தவர்களில் 19 சதவீதம், வைக்காதவர்களில் 34 சதவீதம். அதாவது ஒன்றுமே செய்யாதவர்களிலும் பெரும்பாலோர் 34 வாரத்தைத் தாண்டிவிட்டார்கள். இவருக்கோ 22. தையல் இல்லாமலே 38 வாரம் போயிருக்கலாம்.

இதை நினைத்து ஆறுதல்பட்டால், அந்த 19 சதவீதம் குறுக்கே வருகிறது. மருந்து வைத்தும் ஐந்தில் ஒருவருக்கு முன்கூட்டியே பிரசவம். என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நான் மட்டும் பொறுமையாக இருந்திருப்பேனா?

இப்போது அந்தப் பெண் மறுபடி கர்ப்பம், 12 வாரம். என்னிடம்தான் வந்திருக்கிறார். முந்தைய ஃபைலின் முதல் வரியே "தையல் போடப்பட்டது". "இந்தத் தடவை எப்போ தையல் மேடம்?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். அந்தத் தையல் தேவைப்பட்டதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் இனி எந்த டாக்டரிடம் போனாலும் அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்போம், 25-க்குக் கீழே போனால் உடனே பேசுவோம் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். கணவர் ஆட்டவில்லை.