15 டன் கிரேனும் 22 மில்லிமீட்டரும்

கோவை அரசூர் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையில் 15 டன் டபுள் கர்டர் கிரேன், அதாவது இரண்டு இரும்பு உத்திரத்தோடு தலைக்கு மேலே ஓடும் கிரேன், போன வாரம்தான் ஓட ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் முடிய வேண்டிய வேலை, மூன்று மாதம் இழுத்துவிட்டது.

டபுள் கர்டர் எடுத்ததில் வருத்தமே இல்லை. ஹூக்கைத் தாங்கும் வண்டியான டிராலி இரண்டு கர்டருக்கும் மேலே ஓடுவதால் ஹூக் நடுவில் நல்ல உயரம் வரை ஏறும். விலை பேசியது, ஆர்டர் கொடுத்தது, ஏற்றியது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தது.

தப்பு அளவில் நடந்தது. ஸ்பான் என்பது கிரேன் சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளங்களின், அதாவது ரயில்களின், நடுக்கோட்டுக்கு நடுக்கோடு உள்ள தூரம். ஷெட் போட்டவர் எழுதிக் கொடுத்த 18 மீட்டரை நாங்கள் அப்படியே நம்பினோம். முதல் தூணில் அது சரி. ஐந்தாவது தூணைத் தாண்டியதும் சக்கரம் கிறீச்சிட்டது, ரயில் மேல் இரும்புத்தூள் கொட்டியது. “ஓட ஓடச் சரியாகிடும் சார்” என்றார்கள் பொருத்த வந்தவர்கள். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். சக்கரத்தின் விளிம்புதான் தேயும். ஒவ்வொரு தூணிலும் அளந்து பார்த்தோம்; கடைசித் தூணில் 22 மில்லிமீட்டர் குறைவு! ரயிலைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தி ரயிலை நகர்த்தி நேராக்க எட்டு நாள் ஆனது.

அளப்பதென்றால் ஸ்டீல் டேப்பை ஒவ்வொரு முறையும் ஒரே இழுவையில் பிடியுங்கள், காலை நேரத்திலேயே முடித்துவிடுங்கள். 20 டிகிரி சூடு ஏறினால் 18 மீட்டர் இரும்பு நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆள் ரயில் பக்கம் வேலை செய்யும்போது கிரேன் 6 மீட்டருக்குள் வரக்கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. நாங்கள் மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை மேலே ஏறியவர் பையிலேயே போட்டுவிட்டோம்.

அப்புறம் லோடு டெஸ்ட். 25 சதவீதம் கூடுதல், அதாவது 18.75 டன் தூக்கிக் காட்ட வேண்டும். வார்ப்புகளை, அதாவது அச்சில் ஊற்றி வார்த்த உலோகப் பாகங்களை, எடைக்காகக் குத்துமதிப்பாக அடுக்கி வைத்திருந்தோம். சோதிக்க வந்தவர் முதலில் கேட்டது எடை மேடைச் சீட்டு, அடுத்தது ஹூக்குக்கும் வயர் ரோப்புக்கும் டெஸ்ட் சர்ட்டிபிகேட். எங்களிடம் இரண்டுமே இல்லை. அவர் கிளம்பிப் போய்விட்டார். ஒரு நாள் வேலை வீண். கிரேன் கொடுத்தவர்களோ “அனுப்பிட்டோமே” என்றார்கள். சர்ட்டிபிகேட் அவர்கள் ஆபீசிலேயே கிடந்தது. வாங்கி வர நான்கு நாள். கடைசித் தவணையைக் கட்டுவதற்கு முன்பே இந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்த முறை ஒவ்வொரு வார்ப்பையும் லாரியில் ஏற்றி எடை போட்டு, எண்ணைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவைத்தோம். வெறும் ஹூக்கை ஏற்றி, உச்சிக்குப் போகும் முன் அதை நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறதா என்று முந்தின நாளே பார்த்தாயிற்று. 18.75 டன்னும் தரையை விட்டு ஒரு ஜாண் எழும்பியது. பத்து நிமிடம் தொங்கவிட்டார். பிரேக் துளிகூட வழுக்கவில்லை. இறக்கியதும் கர்டர் பழைய நிலைக்கே திரும்பியதை உயரம் பார்க்கும் லெவல் கருவி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கையெழுத்துப் போட்ட அறிக்கை மதியம் கைக்கு வந்தது. அடுத்த பரிசோதனை 12 மாதத்துக்குள். சாயங்காலமே முதல் வார்ப்பைத் தூக்கினோம், ஐந்தாவது தூணைத் தாண்டியும் சத்தமில்லாமல் போனது.