கண்டிக்குப் போனவள்

தொட்டியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக ஊரில் பூட்டிக்குக் ‘கண்டிக்காரி’ என்று பேர். அவர் ஊரைவிட்டுப் போய் நூறு வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் ‘கண்டிக்காரி வகையறா’ என்றால்தான் எங்களை அங்கே தெரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் குலசாமி கும்பிடப் போயிருந்தபோது, பார்வை மங்கிப்போன ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “கண்டிக்காரி பேத்தியா ஆத்தா நீ? போனவ அங்க எப்படி இருந்தா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பூட்டி என் அப்பாவுக்கு அப்பாயி. பெரியவர்கள் பேரைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. வீட்டில் சொல்லக் கேட்டது கொஞ்சம்தான். இருபது வயதுக்குள் புருஷனைப் பறிகொடுத்துவிட்டார். 1919இல், ஒரு வயது நிரம்பாத என் தாத்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணி ஒருவர் கட்டிய கூட்டத்தோடு கிளம்பினார். எங்கள் வம்சத்தில் கடல் தாண்டிய முதல் ஆள் அவர். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று கங்காணிகள் ஆசை காட்டிய காலம். பூட்டி அதை நம்பித்தான் போனாரா, போக வேறு இடம் இல்லாமல் போனாரா என்று யாரும் அவரிடம் கேட்டு வைக்கவில்லை. “வயித்துப்பாடு” என்று ஒரே சொல்லில் தாத்தா முடித்துவிடுவார்.

எங்களிடம் இருந்த எழுத்துச் சான்று ஒன்றே ஒன்று. 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாகிப் போனார்கள். அடுத்த வருஷம் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் மனு போடலாம் என்றார்கள். கல்யாணமானவர் என்றால் ஏழு வருஷம், ஆகாதவர் என்றால் பத்து வருஷம் அந்த மண்ணில் தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். தாத்தாவும் போட்டார். இடுப்புக் குழந்தையாக வந்தவருக்கு எந்தக் காகிதம் இருக்கும்? மனு தள்ளுபடியானது. அந்தத் தள்ளுபடிக் காகிதம் கோத்தகிரியில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில், இன்னும் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்து நாலு துண்டாகத் தொங்குகிறது. மனுதாரரின் தாய் 1919இல் வந்தவர் என்றும், வேலை பார்த்த தோட்டம் இது என்றும் அதில் தட்டச்சாகியிருக்கிறது. நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சொன்ன காகிதம்தான் பூட்டி போய்ச் சேர்ந்த இடத்தை எங்களுக்குக் காப்பாற்றி வைத்திருந்தது.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. 1972இல் தாத்தா குடும்பம் ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கியது. அப்பாவுக்கு அப்போது 24 வயது. நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காகவே அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. நான் பிறந்ததும் தேயிலைக்கு நடுவில்தான். எங்களை இங்கே ‘சிலோன்காரங்க’ என்பார்கள்.

பூட்டி போன வழியைத் தேடி நான் கிளம்பினேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. “எங்க அப்பாயி தலையில ஒரு பள்ளம் இருக்கும், அதுல விரல் வச்சு விளையாடுவேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பூட்டி இறந்தபோது அப்பாவுக்கு ஒன்பது வயது.

முதலில் மண்டபம். தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய்த்தடுப்புக்காகச் சில நாள் நிறுத்திவைத்த முகாம் இங்கேதான் இருந்தது. போர்க்காலத்திலிருந்து அங்கே ஈழத்து அகதிகள் வாழ்கிறார்கள். நான் வெளியே சாலையிலிருந்துதான் பார்த்தேன். குளிக்க வைத்து, துணிகளை ஆவியில் வேக வைத்து, அம்மை குத்தி, எந்தத் தோட்டம் என்ற எண் பொறித்த தகர வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டு அனுப்புவார்கள். தாலி இல்லாத கழுத்தில் பூட்டி அதைக் கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறியிருப்பார்.

தனுஷ்கோடிக்கும் போனேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் இதுவரை வந்து, இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்துபோனது. தேவாலயத்தின் பவளக்கல் சுவர்கள் நிற்கின்றன. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் எனக்கு அந்த வழி இல்லை. நாகப்பட்டினம் போய், காங்கேசன்துறைக்குக் கப்பல் பிடித்து, யாழ்ப்பாணம், மன்னார் என்று சுற்றித் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. கடலுக்குள் நீண்டு, சிதைந்து நிற்கும் பழைய துறையின் மரத்தூண்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டி இறங்கியதும் இங்கேதான், ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து அவர் பேரன் கப்பல் ஏறியதும் இங்கேதான். மலையகத் தமிழர் வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து 2023இல் இந்த ஊரிலிருந்து மாத்தளை வரைக்கும் மக்கள் நடந்தே போனார்கள். ரயில் வருவதற்கு முந்தைய தலைமுறைகள் காட்டு வழியில் நடந்ததும், வழியிலேயே காலராவில் செத்ததும் அந்தத் தடத்தில்தான்.

பூட்டிக்கு ரயில் கிடைத்தது. போரில் அழிந்த அந்தப் பாதையை மறுபடி போட்டு 2015இல் துறை வரைக்கும் திறந்துவிட்டார்கள். அதனால் அவர் போன தண்டவாளத் தடத்திலேயே நானும் போக முடிந்தது. ராத்திரி வண்டி. பொல்காவலையில் இறங்கி மலைக்குப் போகும் ரயில் மாற வேண்டும். விடியாத நேரத்தில் அந்த நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல்முறையாகக் குளிர் தட்டியது. காவிரிக்கரை வாழைத் தோட்டங்களைத் தவிர வேறு நிலம் பார்க்காத பெண், கைக்குழந்தையோடு, இங்கிருந்து மேலே ஏறியிருக்கிறார்.

நேராக அட்டனுக்குப் போயிருக்கலாம். பூட்டியின் பட்டப்பேரில் இருக்கும் ஊராயிற்றே என்று கண்டியில் ஒரு நாள் தங்கினேன். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இலங்கை மலைநாடு மொத்தமும் ‘கண்டிச்சீமை’தான். பூட்டி கண்டி நகரத்தைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். மஹியாவ கல்லறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். இந்தத் தீவின் தேயிலைத் தொழிலுக்கு முன்னோடி என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 1892இல் அவர் இறந்தபோது தோட்டத்து ஆட்கள்தான் உடலைத் தோளில் சுமந்து மலையிறங்கிக் கொண்டுவந்தார்கள். அவர் செய்தது பெரிய காரியம், நான் மறுக்கவில்லை. காட்டை வெட்டிய கைகளுக்கும், கொழுந்து கிள்ளிய விரல்களுக்கும் அந்தச் சொல்லில் பங்கு உண்டு என்பதை மட்டும் அங்கேயே நின்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கம்பளைக்குப் பக்கத்தில், தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மலையகம் போகிறவர்கள் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும். ‘துண்டு’ என்றால் என்ன என்பது எனக்கு அங்கேதான் சரியாக விளங்கியது. கங்காணி கொடுத்த முன்பணக் கடன் ஆளின் தலையில் ஏறும். அந்தக் கடனைத் தீர்க்கிற துரை யாரோ அவர் தோட்டத்துக்கு ஆளை விடுவதாக எழுதித் தரும் சீட்டுதான் துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் ஒழித்தார்கள். பூட்டி முதல் இரண்டு வருஷம் அந்தக் கடனுக்குள்தான் கொழுந்து எடுத்திருக்கிறார்.

அட்டனிலிருந்து தலவாக்கலை போகும் பாதையில், டெவன் அருவி தெரியும் வளைவைத் தாண்டி, த்ரீவீலர் ஒரு தோட்டப் பாதைக்குள் திரும்பியது. ஒப்பந்தத்தின்போது அந்தப் பக்கமே தங்கிவிட்ட சொந்தக்காரக் குடும்பத்துத் தம்பி ஒருவர் ஓட்டினார். தோட்டத்தின் பேரை எழுதவில்லை, இன்றும் அங்கே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

“கண்டிக்காரி” என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. தெரியாதது நியாயம்தான், அங்கே எல்லோரும் கண்டிக்காரர்கள். பேரைச் சொன்னேன். அதுவும் தெரியவில்லை. மேல் பிரிவு லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் வழியில், ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நட்டிருந்தது. என்ன சாமி என்று தம்பியிடம் கேட்டேன். “மதுரகாளி அக்கா. இந்தப் பக்கத்துல வேற எங்கயும் இந்தப் பேர்ல சாமி இல்ல. யார் வச்சதுன்னு தெரியாது.”

எனக்குக் கை நடுங்கியது. மதுரகாளி தொட்டியத்துக்காரி. அவள் தேர் தோளில் வரும் திருவிழாவை நான் பார்த்திருக்கிறேன்.

“தொட்டியம்” என்று நான் சொன்னதைக் கேட்டு, லயத்து வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்தார். எண்பது வயது இருக்கும்.

“தொட்டியத்துக் கெழவி வீட்டு ஆளா நீ?”

ஊரில் கண்டிக்காரி. இங்கே தொட்டியத்துக் கிழவி.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடிதான் இருக்கும் அந்தக் காம்பரா. தேத்தண்ணி போட்டுக்கொண்டே பேசினார். அவர் பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தது பூட்டிதானாம். “எங்கம்மாவுக்கு ஆறு புள்ளையும் அவங்க கையிலதான். ராத்திரி எந்நேரம் போய்க் கூப்பிட்டாலும் லாந்தரைத் தூக்கிட்டு வருவாங்க. விடிஞ்சா பிரட்டுக்களத்துல நிப்பாங்க.” காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்தான் பிரட்டுக்களம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வாராம். எழுத்துத் தெரியாது, ஆனால் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தெரியும். கூடைக்கு, ஈரத்துக்கு என்று றாத்தல் கழிக்கும்போது, “முள்ளு அங்க நிக்கல சாமி” என்பாராம். சத்தம் போடமாட்டார். அதையே மறுபடி மறுபடி சொல்வார், பின்னால் நிற்கும் பெண்கள் நகரமாட்டார்கள். அந்தக் காலத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் கூலி குறைவு. சட்டமே அப்படித்தான் வைத்திருந்தது, 1984இல்தான் சமமானது. குறைந்த கூலியிலும் கழித்தால் என்ன மிஞ்சும்?

நான் அப்பா சொன்ன பள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். பாட்டி சிரித்துவிட்டு முக்காட்டை எடுத்துத் தலையைக் குனிந்து காட்டினார். உச்சியில், கூடைக் கயிறு அழுந்தும் இடத்தில், காதுக்குக் காது விரல் அகலத்தில் ஒரு தடம். அங்கே முடி இல்லை. தோல் வழவழவென்று, ஆற்றுக் கல் மாதிரி இருந்தது. “தொட்டுப் பாரு புள்ள” என்றார். தொட்டேன்.

புதைத்த இடத்தையும் காட்டினார். லயத்திலிருந்து பார்த்தால் எதிரே தெரியும் மலை. கல் எதுவும் இல்லை. முன்பு அந்தச் சரிவின் அடி இடுகாடாக இருந்ததாம், பிறகு அதிலும் தேயிலைக் கன்று போட்டுவிட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே ஐந்தாறு பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பீலித் தண்ணி இன்னும் வருதா?” என்று கேட்டார். வருகிறது என்றேன்.

கிளம்பும்போது பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏம் புள்ள, தொட்டியம்னா என்ன? ஊரா?”

பிறந்ததிலிருந்து சொல்லிவந்த பேர், அது ஊர் என்பதே அவருக்குத் தெரியாது. போனை எடுத்து, குலசாமி கும்பிடப் போனபோது எடுத்த படங்களைக் காட்டினேன். காவிரி மணல், வாழைத் தோட்டம், கண்ணுக்கு எட்டும் வரைக்கும் வெளி. அவர் போனைக் கிட்டே வாங்கி, எதையோ தேடுவதுபோல் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“மலையே இல்லையே” என்றார். “இம்புட்டுத் தட்டையாவா இருக்கும்?”