காட்பாடியில ஒரு கடல்பாசி தொட்டி

உப்புத்தண்ணி தொட்டின்னு சொன்னாலே பவளம் எங்க, நீமோ எங்கன்னுதான் கேக்கறாங்க. எனக்கு பாசிதான் வேணும். நோன்பு மாசத்துல பக்கத்து வீட்டுல இருந்து கடல்பாசி வரும், பால்ல காய்ச்சி உறைய வெச்சு துண்டு போட்டது, அது கடல்ல வளர்ற சிவப்பு பாசியில இருந்து எடுக்கறதுன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து அத உயிரோட பாக்கணும்னு ஆசை. மன்னார் வளைகுடா பக்கம் கஞ்சிப்பாசின்னு சொல்வாங்க, அறிவியல் பேரு கிராசிலேரியா.

தொட்டி ரெண்டடி நீளம், ஒரடி அகலம், ஒரடி உயரம், தண்ணி 50 லிட்டர் புடிக்கும். எங்க போர் தண்ணி காய்ச்சுனா பாத்திரத்துல வெள்ளையா படியும், அதனால ஆர்ஓ தண்ணிதான், லிட்டருக்கு 35 கிராம் கிட்ட மரைன் சால்ட், உப்பு அளவு பாக்கற ரிஃப்ராக்டோமீட்டர்ல அடர்த்தி 1.025 வர்ற வரைக்கும். சமையல் உப்பு ஆகவே ஆகாது. பவளப்பாறைய கடல்ல இருந்து எடுக்கறது சட்டப்படி குத்தம், செராமிக் பாறை போட்டுக்கிட்டேன்.

வெயில் காலம்தான் கஷ்டம். மே மாசம் இங்க 40 டிகிரிய தாண்டும், பாசிக்கு 25, 26 இருந்தா நல்லது, சின்ன ஃபேன் ஒண்ணு தண்ணி மேல அடிக்கற மாதிரி வெச்சா ரெண்டு மூணு டிகிரி எறங்குது ஆனா தண்ணி வேகமா வத்தும், வத்துறது தண்ணி மட்டும்தான் உப்பு அப்படியே நிக்கும், அதனால கண்ணாடியில மார்க்கர்ல கோடு போட்டு தெனம் வெறும் ஆர்ஓ தண்ணி ஊத்தறேன்.

இவ்ளோ பாத்தும் ஒரு நாள் காலைல அம்மா எழுப்பறாங்க, "இன்னாடா தண்ணி பாலாட்டம் கீது?"ன்னு. ஓடிப்போய் பாத்தா, தொட்டில இருந்த காலெர்பாங்கற பச்சைப் பாசி போயிடுச்சு. முந்தின நாள் பச்சப்பசேல்னு இருந்த இலையெல்லாம் வெங்காயச் சருகு மாதிரி, தொட்டா கையோட வருது. காலெர்பா எவ்ளோ நீளமா ஓடுனாலும் மொத்தமும் ஒரே செல்லுதான், நடுவுல தடுப்பே கெடயாது. நெருக்கடி வந்தா உள்ள இருக்கறத எல்லாம் இனப்பெருக்கத்துக்குன்னு தண்ணில கொட்டிட்டு வெறும் தோலா நிக்கும். டெஸ்ட் பண்ணேன், நைட்ரேட் பூஜ்யம். வாராவாரம் பாதி தண்ணிய மாத்தி சுத்தமா வெச்சிருக்கேன்னு நெனச்சு பட்டினி போட்டிருக்கேன். பவளம் வளக்கறவங்க நைட்ரேட்ட பாத்தா பயப்படுவாங்க, பாசிக்கு அதுதான் சோறு.

இப்ப ரெண்டு மோலி மீன மெதுவா உப்புக்கு பழக்கி விட்டிருக்கேன், அதுங்க கழிவே உரம். நைட்ரேட் லிட்டருக்கு 5ல இருந்து 10 மில்லிகிராமுக்குள்ள நிக்குது. வளர்றத மாசம் ஒருவாட்டி கத்திரிச்சிடறேன். சென்னை நண்பர் ஒருத்தர் பிச்சு குடுத்த கிராசிலேரியா விரல் நீளம்தான் இருந்துச்சு, இப்ப உள்ளங்கை அளவு, லைட் போட்டதும் நுனியில குட்டி குட்டியா காத்துக்குமிழ் ஒட்டிக்கிட்டு நிக்கும், அத பாத்துட்டுதான் வேலைக்கு கெளம்பறேன். அடுத்து ஹாலிமீடா, உடம்புல சுண்ணாம்பு சேத்து வளர்ற பச்சைப் பாசி. அதுக்கு கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல வேணும், அத அளக்கற கிட் ஆர்டர் போட்டாச்சு.