தலை தேய்ந்த ஸ்க்ரூவைச் சுற்றிலும் சேதமில்லாமல் கழற்ற

ஸ்க்ரூடிரைவர் முதல் தடவை வழுக்கியதுமே கையை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் குறுக்குப் பள்ளத்தின் விளிம்பு லேசாக மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் பலமா" என்று நாலு முறை திருப்பினால் பள்ளமே கிண்ணம்போல் வழவழவென்று ஆகிவிடும். பலகையில் நீளமாகக் கீறல் விழுவதும் அந்த நாலு முறையில்தான்.

டார்ச்சைச் சாய்வாக அடித்துத் தலையைப் பாருங்கள். பெயிண்ட், துரு, மரத்தூள் அடைத்துக்கொண்டிருந்தால் பிட் (டிரைவரின் முனை) அடிவரை இறங்காது. ஊசியால் கிளறி எடுங்கள். தேய்ந்துவிட்டது என்று நினைக்கும் ஸ்க்ரூக்களில் பல இதிலேயே பிடி கொடுத்துவிடும். அடுத்தது பிட்டின் அளவு. 3.5 முதல் 5 மி.மீ. வரையான மர ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 2-ஆம் எண் பிட்தான். ஆனால் குறுக்குக் கோடுகளுக்கு நடுவே சாய்வாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போஸிடிரைவ் என்ற வேறு வகை. அதில் சாதாரணக் குறுக்குப் பள்ளத்துக்கான பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் ஆடும், ஆடினால் அரிக்கும். ஜப்பானிய இயந்திரங்களில் தலையில் ஒரு புள்ளி இருந்தால் அது ஜிஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. அதற்கும் தனி பிட் உண்டு.

பிட் புதிதாக, முனை கூராக இருக்கட்டும். அடியில் இருப்பது தாங்கும் என்றால் பிட்டைத் தலையில் நேராக நிறுத்தி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வையுங்கள். டிரில்லை ஓரம் வைத்துவிட்டுக் கை டிரைவரை எடுங்கள். வழுக்கப்போவதை மணிக்கட்டு உணரும், மோட்டார் உணராது. உடம்பு எடை முழுவதும் கீழ்நோக்கி இறங்க வேண்டும், திருப்பும் விசை அதற்குப் பிறகுதான். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்துவிட்டுக் கழற்றும் பக்கம் திருப்பினால் துருப்பிடிப்பு உடையும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பள்ளத்தில் கடுகளவு வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வைத்தால் அதன் பொடி பிட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே கடித்துப் பிடிக்கும். பிட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே வைக்கச் சொல்லி எல்லோரும் சொல்லும் ரப்பர் பேண்ட், விளிம்பு மிச்சமிருக்கும்போது மட்டும் உதவும். கிண்ணமாகிவிட்ட பள்ளத்தில் கிழிந்துதான் போகும்.

இதற்கு மேல் என்ன செய்வது என்பதை ஸ்க்ரூ பிடித்திருக்கும் பொருள்தான் தீர்மானிக்கும். உலோகம் என்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு 20 நிமிடம் காத்திருந்து, தலையில் லேசாகத் தட்டலாம். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவர் கனமான உலோகத்தில் அருமையாக வேலை செய்யும். மெல்லிய வார்ப்பில் விரிசல் விட்டுவிடும். மரத்தில் எண்ணெயே வேண்டாம். கறை ஊறிவிடும், பிறகு அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது. அங்கே சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டுத் திருப்புங்கள். பிளாஸ்டிக்கில் இரண்டுமே ஆபத்து. சில வகை பிளாஸ்டிக் எண்ணெய் பட்டால் விரிசல் விடும்; சூடு பட்டால் உள்ளே பதித்த பித்தளை மரை கழன்று ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும்.

தலை மேலே துருத்திக்கொண்டிருந்தால் கவலை இல்லை. அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, லாக்கிங் பிளையரால் பக்கவாட்டில் கவ்வித் திருப்பினால் வந்துவிடும். அறுகோணக் குழி மழுங்கியிருந்தால் அதைவிடச் சற்றே பெரிய டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திர) பிட்டைத் தட்டி இறக்குங்கள்: 4 மி.மீ. குழிக்கு முதலில் டி25, அதுவும் ஆடினால் டி27.

கட்டிங் டிஸ்க்கால் தலையில் காடி வெட்டித் தட்டை டிரைவர் போடும் வழியைப் பலரும் சொல்வார்கள். துருத்திய தலைக்குச் சரி. பரப்போடு சமமாக உட்கார்ந்த தலைக்கு வேண்டாம். டிஸ்க் வட்டமானது, தலையின் நடுவில் 1 மி.மீ. ஆழம் இறங்குவதற்குள் இரண்டு பக்கமும் தலையைத் தாண்டிப் பலகையையும் வெட்டியிருக்கும். டேப் ஒட்டினாலும் அது நிற்காது.

சமமாக உட்கார்ந்த தலையைத் துளைத்தே எடுக்க வேண்டும். சுற்றிலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், கூர்முனை உளியான சென்டர் பஞ்சால் நடுவில் குழி போடுங்கள். இடப்பக்கமாகச் சுற்றித் துளைக்கும் டிரில் பிட் இருந்தால் முதலில் அதுதான். டிரில்லை ரிவர்ஸில், மெதுவான வேகத்தில் ஓட்டினால் துளைக்கும்போதே ஸ்க்ரூ கழன்று வரக்கூடும். வராவிட்டால் சுமார் 2 மி.மீ. துளை போட்டு எக்ஸ்ட்ராக்டரை (துளைக்குள் கவ்விப் பிடித்து ஸ்க்ரூவைக் கழற்றும் கருவி) இறக்கிக் கையால் திருப்புங்கள். டிரில்லில் மாட்டித் திருப்பாதீர்கள். எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான எஃகு, வளையாது, உடையும். உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது.

எக்ஸ்ட்ராக்டர் வழுக்கத் தொடங்கினால் தலையையே துண்டித்துவிடுவது மேல். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4 மி.மீ. பிட், தலையின் உயரம் வரைதான், ஏறக்குறைய 2.5 மி.மீ. அந்த ஆழத்துக்குப் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தலை தனியாகக் கழன்று பிட்டோடு சுற்றும். கீலையோ தகட்டையோ தூக்கி எடுத்தபின் மிச்சமிருக்கும் தண்டில் இழுவிசை இருக்காது. குறட்டால் பிடித்தாலே திரும்பும். தண்டு மரத்துக்குள்ளேயே ஒடிந்துவிட்டால், உட்புறம் ஸ்க்ரூவைவிடச் சற்று அகலமான பிளக் கட்டரால் (வட்டமாக அறுக்கும் குழாய் வடிவ வெட்டி) சுற்றி அறுத்து மரத்தோடு எடுத்துவிட வேண்டியதுதான்.

ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்து வெளியே வராவிட்டால் தேய்ந்தது தலை அல்ல, துளை. தலைக்கு அடியில் மெல்லிய கத்தியைக் கொடுத்து மேலே நெம்பியபடி திருப்புங்கள்.

கழற்றிய ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீர்கள். மரத்தில் துளை பெரிதாகியிருந்தால் 8 மி.மீ. ஆக்கி, மரப்பசை தடவிய மர முளையை அடித்து, ஓர் இரவு காயவிடுங்கள். புதிய 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 2.5 மி.மீ., வன்மரத்தில் 3 மி.மீ. முன்துளை போட்டு, மரையில் மெழுகு தேய்த்து, கடைசி இரண்டு சுற்றைக் கையால் இறுக்குங்கள்.