டர்பனுக்கு எலெக்டிவ் வர விரும்பும் பிள்ளைகளுக்கு

மருத்துவ மாணவர்கள் தாமே தேர்ந்தெடுத்த மருத்துவமனையில் சில வாரம் பெறும் பயிற்சியைத்தான் எலெக்டிவ் என்பார்கள். லண்டனிலும் கோலாலம்பூரிலும் மருத்துவம் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகள், "அத்தை, எலெக்டிவுக்கு டர்பனில் எந்த மருத்துவமனை நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மருத்துவமனை இருக்கட்டும், முதலில் தென்னாப்பிரிக்காவின் நிர்வாகத் தலைநகர் பிரிட்டோரியாவைக் கவனியுங்கள் என்பதே என் பதில். வெளிநாட்டு மாணவர் எவரும் இங்கே நோயாளியைத் தொடுவதற்கு முன், அங்குள்ள சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு இங்குள்ள பல்கலைக்கழகத்தின் ஏற்புக் கடிதம், சொந்தக் கல்லூரியின் கடிதம், சான்றொப்பமிட்ட கடவுச்சீட்டு நகல் எல்லாம் வேண்டியிருப்பதால், ஏற்புக் கடிதம் வந்த கையோடு விமானச் சீட்டு எடுப்பது அவசர புத்தி. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை அலுவலகங்களில் பதில் சொல்ல ஆள் கிடைப்பதும் அரிது.

மருத்துவமனைக்கு வருவோம். 1936இல் திறக்கப்பட்ட கிங் எட்வர்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்குப் பிற மருத்துவமனைகள் அனுப்பிவைக்கும் சிக்கலான நோயாளிகளே வருவார்கள் என்பதால், அங்கே மாணவருக்குப் பார்ப்பது அதிகம், செய்வது குறைவு என்பது என் கருத்து. தமிழிலேயே பேசி நோயாளி பார்க்கலாமென்று, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தின் ஆர்.கே.கான் மருத்துவமனையைக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று வீட்டிலும் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். டர்பன் வார்டுகளில் கைகொடுப்பது ஜூலு மொழி. "கூபுஹ்லூங்கு கூபி?" என்று எங்கே வலிக்கிறதெனக் கேட்டுவிடலாம், பாட்டி மூச்சுவிடாமல் பதில் சொல்லத் தொடங்கியதும், மருந்து வண்டியோடு நிற்கும் சிஸ்டரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது ஊசிக்குத்து பற்றி. உலகிலேயே எச்ஐவி தொற்றுள்ளவர்கள் மிக அதிகமாக வாழும் நாடு இது. இரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால் தடுப்பு மாத்திரையை உடனே, தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள், தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கடைசி வாரத்தில் குத்தினால் மீதி மாத்திரை உங்களோடு ஊருக்கு வரும். ஆகவே இரவில் யாரைக் கூப்பிடுவது, செலவு யாருடையது, ஊர் திரும்பியபின் இரத்தப் பரிசோதனை எங்கே என்பதையெல்லாம் கிளம்புமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று தவணை, முடிய ஆறு மாதம்; அதையும் கணக்கில் வைத்தே நாள் குறியுங்கள். காசநோய் வார்டுக்கான என்95 முகக்கவசத்தை உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துக் கையோடு கொண்டுவாருங்கள்.