குளத்துச் சேற்றிலிருந்து ஊதா பாக்டீரியா: பாளையங்கோட்டை ஆய்வகக் குறிப்புகள்

ஊதா பாக்டீரியாவை நெல்லைச் சீமையில் அலைந்து தேட வேண்டியதில்லை. தாமிரபரணிக் கால்வாய் பாயும் குளத்தோரம், பிசானம் அறுத்த வயலின் ஈரச்சேறு, எங்கும் இருக்கும். கூடவே இருக்கும் ஆயிரத்தை விரட்டிவிட்டு அதை மட்டும் வளர்ப்பதுதான் பாடு. நாங்கள் பிரித்தெடுப்பது கந்தகம் சாரா ஊதா பாக்டீரியாக்களை. வெளிச்சம் இருந்து ஆக்சிஜன் இல்லாதபோது இவை ஒளிச்சேர்க்கை செய்யும். ஆனால் ஆக்சிஜனை வெளியிடாது.

சேறு எடுக்க ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் கலங்கிக் கிடக்கும், அடியில் வெளிச்சம் எட்டாது. தையில் தண்ணீர் தெளிந்து ஓரம் வற்றத் தொடங்கியதும், முழங்கால் ஆழத்துக்குள் மேலே பழுப்பாக ஒரு மெல்லிய படலமும் அதன் கீழே அழுகிய முட்டை வாடையோடு கறுப்புச் சேறும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் எடுங்கள். குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி, உள்ளேயே மூட வேண்டும். பனிக்கட்டி தேவையில்லை, வெயில் படாமல் கொண்டுவந்தால் போதும். கூந்தன்குளம் ஆசைகாட்டும், பறவை எச்சம் விழும் குளம், நல்ல சேறு. ஆனால் அது சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடி மண்கூட எடுக்கக் கூடாது. ஊர்க் குளமே தாராளமாகப் போதும்.

இனி ஊடகம், அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக் கரைசல். ஒரு லிட்டர் வாலைவடி நீருக்கு சோடியம் சக்சினேட் 1 கிராம், அம்மோனியம் அசிட்டேட் 0.5, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5, சோடியம் குளோரைடு 0.4, அம்மோனியம் குளோரைடு 0.4, ஈஸ்ட் சாறு 0.3, கால்சியம் குளோரைடு 0.05 கிராம், 0.1 சதவீத இரும்பு சிட்ரேட் கரைசல் 5 மில்லி, நுண்தாதுக் கரைசல் 1 மில்லி. பி12 கரைசலை வடிகட்டிக் கடைசியில் சேர்க்கலாம். வழக்கமான செய்முறையில் மெக்னீசியம் சல்பேட் 0.4 கிராம் வரும். குளத்துச் சேற்றுக்கு அது ஆகாது. சேற்றிலுள்ள சல்பேட் ஒடுக்கும் பாக்டீரியா அதைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு விடும், குப்பி மூன்றாம் நாளே மை கொட்டியதுபோலக் கறுத்துவிடும். பதிலுக்கு மெக்னீசியம் குளோரைடு 0.33 கிராம் போட்டால் அதே அளவு மெக்னீசியம் கிடைக்கும். கந்தகத் தேவைக்கு மெக்னீசியம் சல்பேட் 0.02 கிராம் போதும்.

கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சேர்த்து ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) வைத்தால் வெண்படிவு விழும். கால்சியத்தைத் தனியாக 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, ஆறிய பிறகு கலக்குங்கள். பிஎச் 6.8. சிஸ்டீன் 0.3 கிராமை அன்றன்றைக்குக் கரைத்து, அமிலம் போக நடுநிலையாக்கிச் சேர்க்க வேண்டும்; பழைய கரைசல் ஆக்சிஜனை இழுக்காது. சர்க்கரை எதுவும் வேண்டாம். நொதிக்கும் கூட்டம் முந்திக்கொண்டு குப்பியைப் புளிக்க வைத்துவிடும்.

60 மில்லி கண்ணாடிக் குப்பியில் ஒரு கிராம் சேறு போட்டு, பட்டாணி அளவு காற்றுக்குமிழி மட்டும் விட்டு நிரப்பி மூடுங்கள். சூட்டில் திரவம் விரிய அந்த இடம் வேண்டும், முழுக்க நிரப்பினால் குப்பி விரிசல் விடும். பிளாஸ்டிக் பாட்டில் வழியே ஆக்சிஜன் கசியும், அதைத் தவிர்க்கலாம். முதல் ராத்திரி இருட்டில் வைப்பது நல்லது. மிச்ச ஆக்சிஜனை மற்ற நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கட்டும்.

அப்புறம் விளக்கு. பெரும்பாலும் இங்கேதான் வேலை கெடுகிறது. இவற்றின் ஒளிச்சேர்க்கை நிறமியான பாக்டீரியோகுளோரோபில் முக்கியமாக உறிஞ்சுவது 800 முதல் 890 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பை. பழைய டங்ஸ்டன் குண்டு பல்பில் அது ஏராளம். வெள்ளை எல்இடியிலோ டியூப் லைட்டிலோ அநேகமாக இல்லை. நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், பாக்டீரியாவுக்கு அரை இருட்டு. அந்த வெளிச்சத்தில் பாசிதான் வளர்ந்து குப்பி பச்சையாகும்.

குண்டு பல்பு கிடைத்தால் 40 வாட் ஒன்று, அரை மீட்டர் தள்ளி. நடுவில் தட்டையான கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வையுங்கள். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு 850 நானோமீட்டர் ஒளியைக் கடந்துபோக விடும். நம் ஊர்ச் சித்திரை வெக்கையில் இது இல்லாவிட்டால் குப்பிக்குள் வெப்பம் எளிதாக 40ஐத் தாண்டும், இவற்றுக்கு வேண்டியதோ 28 முதல் 30. ஜன்னல் வெயிலும் இதே காரணத்தால் ஆபத்து.

எங்களுக்குப் பிடித்தது சிசிடிவி கேமராவுக்கு விற்கும் அகச்சிவப்பு எல்இடி பலகை. சூடு குறைவு, பாசி வளரவே வளராது. வாங்கும்போது 850 என்று கேட்டு வாங்குங்கள். 940 பலகையும் பார்க்க அச்சாக அதேதான், ஆனால் அந்த அலைநீளத்தில் இந்த பாக்டீரியாக்கள் ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது. இருட்டறையில் தூரத்தில் நின்று பார்த்தால் 850இல் மங்கலான சிவப்பு தெரியும், 940இல் ஒன்றுமே தெரியாது. எரிகிற பலகையைக் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கேடு. இன்னொன்று: பலகையின் நடுவில் ஒரு வெளிச்ச உணரி இருக்கும். அறையில் விளக்கைப் போட்டதும் அது எல்இடியை அணைத்துவிடும். கறுப்பு டேப்பை ஒட்டி அதை மூடிவிடுங்கள். குப்பிக்கும் பலகைக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி. கரண்ட் போனால் பதற வேண்டாம், ஒரு ராத்திரி இருட்டை அவை தாங்கும்.

ஐந்து முதல் பத்து நாளில் வெளிச்சம் படும் பக்கத்துக் கண்ணாடியில் செங்காவியோ பழுப்புச் சிவப்போ ஏறும். வெறும் வெள்ளைக் கலங்கல் என்றால் நொதிப்பு. நிறம் வந்ததும் ஒரு மில்லி எடுத்துப் புதுக் குப்பிக்கு மாற்றுங்கள். மூன்று மாற்றத்தில் சேறும் கறுப்பும் போய்விடும்.

முட்டையையும் அஜினோமோட்டோவையும் கலந்து வெயிலில் வைத்துச் சிவப்புத் தண்ணீர் தயாரிப்பவர்களும் உண்டு. அதில் இந்த பாக்டீரியா இருக்கலாம். வேறு என்னென்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆய்வுக்கு அது உதவாது.

ஒரே வகையைத் தனியாகப் பிரிப்பதற்குத் தட்டை விட, அகர் (கடற்பாசிக் கூழ்) கலந்து உறைய வைத்த ஊடகக் குழாய்தான் நம்பகம். கழுவிய அகர் 2 சதவீதம், குழாய்க்கு 9 மில்லி, 42 முதல் 45 டிகிரி நீர்த்தொட்டியில் எட்டுக் குழாய்கள். முதல் குழாயில் ஒரு மில்லி வளர்ப்பை விட்டு, குமிழி வராமல் இரண்டு முறை கவிழ்த்து, அதிலிருந்து ஒரு மில்லி அடுத்ததற்கு, இப்படியே எட்டு வரை. உடனே குளிர்ந்த நீரில் நிறுத்த வேண்டும். வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் அகர் உறையவே உறையாது, பனிக்கட்டி போடுங்கள். உறைந்ததும் ஒரு பங்கு பாரஃபின் மெழுகு, மூன்று பங்கு திரவப் பாரஃபின் கலந்து, கிருமி நீக்கி, மேலே இரண்டு சென்டிமீட்டர் ஊற்றவும். ஆறும்போது மெழுகு ஓரத்தில் விலகும். மேல்பகுதியை மட்டும் லேசாகச் சூடுகாட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கடைசிக் குழாய்களில் ஒன்றையொன்று தொடாத செம்புள்ளிகள் ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும். பாஸ்டர் பிப்பெட்டால் ஒன்றை உறிஞ்சி எடுத்து, திரும்பவும் அதே வரிசை. குறைந்தது மூன்று சுற்று.

தூய்மை பார்க்கிறோம் என்று சாதாரண நியூட்ரியன்ட் அகரில் தேய்த்து, ஏதாவது முளைத்தால் கலப்படம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கூட்டத்தில் ஒன்றான ரோடோசூடோமோனாஸ் பாலுஸ்ட்ரிஸ் காற்றிலும் இருட்டிலும் வளரும், நிறம் மட்டும் வெளிறிவிடும். நுண்ணோக்கியில் வடிவம் ஒன்றா என்று பாருங்கள். பாலுஸ்ட்ரிஸ் மொட்டுவிட்டுப் பெருகும், பூக்கொத்துப் போலக் கூடியும் நிற்கும்.

எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைக்கு, 3.5 மில்லி வளர்ப்பில் 5 கிராம் சுக்ரோஸ் கரைத்தால் ஒளிச்சிதறல் அடங்கி முகடுகள் தெளியும். 590, 800, 850ஐ ஒட்டி முகடு வந்தால் பாக்டீரியோகுளோரோபில் ஏ. 850 இல்லாமல் 880ஐ ஒட்டி ஒன்று ஓங்கி நின்றால் ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் போன்ற ஒன்றாக இருக்கலாம். 680க்கு அருகே முகடு தெரிந்தால் பாசி இன்னும் போகவில்லை. கருவி 1100 வரை போகுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளின் பழைய கலரிமீட்டர் 700ஐத் தாண்டாது.

எந்த இனம் என்று பெயர் சொல்ல, 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவைப் பெருக்கி, டிஎன்ஏ வரிசை பார்க்க அனுப்பலாம். வளர்ப்பை அகர் குத்துக் குழாயில் 4 டிகிரியில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். நெடுங்காலத்துக்கு 20 சதவீத கிளிசரால், மைனஸ் 80. சாதாரண ஃப்ரீசரின் மைனஸ் 20இல் சில மாதத்தில் செத்துப்போகும்.